ருகூவில் அடித்த கரண்ட்

1

ஆறு மாதத்துக்கு ஒரு தடவை எனக்கு மருந்து ஏற்றுவார்கள். காலையில் போனால் பின்னேரம்தான் விடுவார்கள். சாய்கதிரையில் கிடந்தபடி, மேலே தொங்கும் பையிலிருந்து சொட்டுச் சொட்டாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். ஆஸ்பத்திரி இருப்பது இங்கிலாந்தில், லெஸ்டரில். நான் மருதமுனைக்காரி. கல்யாணம் முடித்து இங்கே வந்து பதினேழு வருஷம், நோய் வந்து ஒன்பது வருஷம்.

போன தடவை அந்தக் கதிரையில் கிடக்கும்போதுதான் ஊரிலிருந்து தங்கச்சியின் குரல் பதிவு வாட்ஸ்அப்பில் வந்தது. எனக்கு ஒரே ஒரு தங்கச்சி. உம்மாவும் அவளோடுதான் இருக்கிறார். வழக்கமாக அவள் அனுப்புவது சமையல் விஷயம், இல்லாவிட்டால் பிள்ளைகள் சண்டை பிடிக்கும் சத்தம். சிரித்துக்கொண்டே காதில் வைத்தேன்.

"ராத்தா, ஒங்களுக்கிட்ட மட்டும்தான் சொல்றன். தொழுகையில ருகூவுக்குக் குனியக்குள்ள பொடரியில இரிந்து காலுமட்டும் கரண்ட் அடிக்கிற மாதிரி ஒண்டு ஓடுது. நிமிந்தா நிண்டிரும். உம்மா ஓதிப்பாக்கிற ஒருத்தருக்கிட்டக் கூட்டிப் போன. அவர் சொல்றார், உள்ளுக்கு இரிக்கிற ஜின்னுக்குத் தொழுகை ஒத்துக்கொள்ளுதில்லயாம். அதுதான் குனியக்குள்ள அடிக்குதாம். துஆ செய்யுங்க ராத்தா."

நான் கதிரையிலிருந்து எழும்பப் பார்த்தேன். நேர்ஸ் வந்து மருந்து ஒத்துக்கொள்ளவில்லையோ என்று நாடியைப் பிடித்துப் பார்த்தாள். மருந்துக்கு ஒன்றுமில்லை என்றேன். அந்தக் கரண்டை எனக்குத் தெரியும். ஒன்பது வருஷத்துக்கு முந்தி இதே லெஸ்டரில், என் படுக்கையறையில் தொழ விரித்த முசல்லாவில் நின்று குனிந்தபோது எனக்கும் அப்படியே ஓடியது.

2

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்பது நோயின் பெயர். எம்.எஸ். என்று சுருக்கிச் சொல்வார்கள். மூளையிலிருந்தும் முதுகுத் தண்டிலிருந்தும் செய்தி கொண்டுபோகிற நரம்புக்கு மேலே, வயருக்கு இருப்பது போல ஓர் உறை இருக்கிறது. கிருமி வந்தால் அடித்துத் துரத்த வேண்டிய நம்முடைய உடம்பின் காவல், கிருமியை விட்டுவிட்டு அந்த உறையைப் போய்க் கடிக்கிறது. ஏன் கடிக்கிறது என்று இன்னும் முழுதாகத் தெரியாது. உறை போன இடத்தில் செய்தி தட்டுத்தடுமாறும். எந்த இடத்தில் போனதோ அதைப் பொறுத்து ஏலாமை வரும். ஒருத்திக்குக் கண், ஒருத்திக்குக் கால், இன்னொருத்திக்குச் சலம் அடக்க முடியாமல் போவது. பெரும்பாலான ஆட்களுக்கு வரும், சில கிழமையில் குறையும், பிறகு வேறு இடத்தில் வரும். அதனால்தான் ஊரில் இதை நோய் என்று நம்பமாட்டார்கள். வந்து வந்து போகிறதே, அது நோயா என்பார்கள்.

எனக்கு முதலில் இடது கால் மரத்தது. கொலுசு போட்டிருப்பது கூடத் தெரியவில்லை. பிறகு ஒரு களைப்பு வந்தது. நெல் வெட்டி முடித்த களைப்பு என்றால் தூங்கினால் போய்விடும், இது தூங்கி எழும்பும்போதே இருந்தது. பிறகுதான் ருகூவில் கரண்ட். நானும் பயந்துபோய், குர்ஆனில் காவலுக்கு ஓதுகிற மூன்று குல்லும் ஆயத்துல் குர்ஸியும் ஓதி நெஞ்சில் ஊதிக்கொண்டு படுத்தேன். நரம்பு டொக்டரிடம் போனபோது அவரே கேட்டார், முகவாய் நெஞ்சில் படுகிற மாதிரிக் குனிந்தால் முதுகில் கரண்ட் ஓடுகிறதா என்று. இந்த வெள்ளைக்காரனுக்கு யார் சொன்னது? கழுத்துக்குள் இருக்கும் தண்டில் உறை போனால் குனியும்போது அப்படித்தான் ஓடுமாம், அதற்கென்று ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள். தொழுகிற ஆளுக்குத் தொழுகையில் தெரியும், சப்பாத்து நாடா கட்டுகிற ஆளுக்கு அதில் தெரியும். அவ்வளவுதான் விஷயம்.

எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். மூளையிலும் தண்டிலும் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். இதே மாதிரிக் கண்ணையும் தண்டையும் பிடிக்கிற இன்னொரு வருத்தம் இருக்கிறது, அதற்கு மருந்து வேறு, மாறிக் கொடுத்தால் கெடுதல் என்று இரத்தத்தையும் சோதித்தார்கள். எல்லாம் பார்த்துத்தான் பெயரைச் சொன்னார்கள். குணமாக்க மருந்தில்லை. ஆனால் மேலும் மேலும் கடிக்காமல் பிடித்து வைக்க மருந்து இருக்கிறது. எவ்வளவு வெள்ளென, காலம் தாழ்த்தாமல், தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது, போனதைப் பெரிதாகத் திருப்பித் தராது என்றார் டொக்டர். அந்தக் கடைசி வசனத்தை எல்லோரும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இங்குள்ள அரசாங்கமும் லேசுப்பட்டதில்லை. உதவிப் பணத்துக்கு விண்ணப்பித்தபோது, எனக்கு ஏலாது என்பதை ஓர் அதிகாரியின் முன்னால் நிரூபிக்கச் சொன்னார்கள். நான் போனேன். உள்ளே நுழைந்ததும் அவள் சிரித்துக்கொண்டு "எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்டாள். "அல்ஹம்துலில்லாஹ், நல்லா இருக்கிறேன்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டேன். வேறு என்ன சொல்வது? மௌத்துப் படுக்கையில் கிடந்தாலும் நாம் அதைத்தானே சொல்வோம். தான் நல்ல நிலையில் இருப்பதாக விண்ணப்பதாரியே கூறினார் என்று எழுதி, இல்லை என்று கடிதம் போட்டார்கள். முறையீடு செய்து, படிவத்துக்கு மேல் படிவம் நிரப்பி, அதை மாற்ற ஒரு வருஷத்துக்கு மேல் போனது. அன்றைக்கு அவள் மேல் வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் அவளாவது கேள்வியைக் கேட்டாள்.

3

இப்போது என் பொய்யைச் சொல்கிறேன்.

எனக்கு நோயின் பெயர் தெரிந்த அதே வருஷம் தங்கச்சிக்கு மாப்பிள்ளை பேசிக்கொண்டிருந்தார்கள். எங்கள் பக்கத்தில் பெண் புகுந்த வீட்டுக்குப் போவதில்லை, மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வீட்டைக் கட்டிப் பெண்ணின் பேரில் எழுதிவிட்டு, மாப்பிள்ளையை எதிர்பார்த்து நிற்கிற ஊர். போனில் சொன்னதும் உம்மா அழுதார். அழுது முடித்துச் சொன்ன முதல் பேச்சு இதுதான்:

"மகள், இத ஆருக்கும் சொல்லிப் போடாத. ராத்தாக்கு நரம்பு வருத்தமெண்டா தங்கச்சிக்கும் வருமெண்டுதான் கதைப்பாங்க. குமர்ப்புள்ள ஊட்டுக்குள்ள இரிக்கு. மாப்பிள்ள ஊட்டாக்கள் ஒரு காரணத்தத்தான் பாத்துக்கொண்டிரிக்காங்க."

நான் "ஓம் உம்மா" என்றேன்.

கல்யாணத்துக்குப் போனபோது பனியில் வழுக்கி விழுந்து முழங்கால் அடிபட்டதாகச் சொன்னோம். ஊரில் யாருக்குப் பனியைத் தெரியும்? எல்லோரும் நம்பினார்கள். ஊன்றி நடக்கும் பொல்லைக் கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்தேன். சித்திரை வெயிலில் என் கண் மங்கியது, கால் துணியாகத் துவண்டது. சூடு ஏறினால் இந்த நோய்க்காரிகளுக்கு அப்படித்தான் ஆகும், உடம்பு குளிர்ந்தால் திரும்பிவிடும். குளியலறையில் விழுந்து, சத்தம் வராமல் வாயைப் பொத்திக்கொண்டு எழும்பினேன்.

தங்கச்சிக்கும் அந்த முழங்கால் கதையைத்தான் சொன்னோம். உண்மை தெரிந்தால் மாப்பிள்ளையிடம் உளறிவிடுவாள் என்று உம்மாவுக்குப் பயம். என் கால்மாட்டில் உட்கார்ந்து, இல்லாத முழங்கால் அடிக்கு அவள் எண்ணெய் தேய்த்துவிட்டாள். அதையும் நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எல்லாவற்றையும் உம்மாவின் தலையில் போட்டுவிட்டு நான் நல்ல பிள்ளையாக நிற்கப் போவதில்லை. அந்தப் பொய் எனக்கும் வசதியாக இருந்தது. "பாவம், வெளிநாட்டுக்குப் போயும் ஏலாமப் போயிட்டு" என்று ஊர் உச்சுக்கொட்டுவதைக் கேட்க எனக்கும் விருப்பமில்லை.

4

மருந்து ஏறி முடிந்ததும் வீட்டுக்கு வந்து தங்கச்சியை அழைத்தேன். துஆ கேட்டவளைப் பொலிஸ்காரி மாதிரி விசாரித்தேன்.

"ஒன்ட கண்ணுல எப்பயாவது ஏதும் வந்ததா?"

"ஒங்களுக்கு ஆர் சொன்ன? ரெண்டு வருசத்துக்கு முந்தி இடக்கண்ணு மங்கிச்சி. முழியத் திருப்பினா நோவு. செவப்புச் சீல கழுவிக் கழுவி வெளுத்த மாதிரித் தெரிஞ்சிச்சி. கண்ணாடிக் கடையில கண்ணாடி தந்த. மறுகா தன்ட பாட்டுல கொறஞ்சிட்டு. முழுசா வரல்ல."

"கால்?"

"வலக்கால் இடைக்கிடை இழுக்கும். அதுக்குத்தான் அந்த ஓதிப்பாக்கிறவர் வேது புடிக்கச் சொன்ன. வேது புடிச்சா, ராத்தா, கண்ணு அப்பிடியே இருண்டுரும். அவர் சொல்றார், அது வெளிய வாறதுக்குத்தான் இருட்டுதாம்."

கொதிக்கிற தண்ணீரின் ஆவியை ஒரு போர்வைக்குள் அடைத்து, இந்த நோய்க்காரியை அதற்குள் இருத்தியிருக்கிறார்கள். சூட்டில் நரம்பு இன்னும் தடுமாறிக் கண் இருண்டதை ஜின் வெளிக்கிடுவதாகக் கணக்கில் எடுத்திருக்கிறார்கள். கழுத்தில் அச்சரம் என்று ஒரு தாயத்தும் கட்டியாகிவிட்டது. நான் அல்லாஹ்வின் கலாமை நம்புகிறவள். ஓதி ஊதுவதில் எனக்கு ஒரு பிரச்சினையும் இல்லை, நானே ஓதி ஊதிக்கொண்டு படுத்தவள். ஆனால் தொழ நின்ற ஒரு பெண்ணைப் பார்த்து, உன் தொழுகையை உனக்குள் இருக்கும் ஷைத்தான் அடிக்கிறான் என்று சொல்ல இந்த மனிதனுக்கு யார் அதிகாரம் கொடுத்தது?

"டொக்டரிட்டப் போகல்லயா?" என்று கேட்டேன்.

"போனம். போன மாசம். நல்ல டொக்டர், ஆறுதலாக் கேட்டார். குடும்பத்துல ஆருக்கும் நரம்பு வருத்தம் இரிக்கா எண்டும் கேட்டார். உம்மா இல்ல எண்டு சொன்னா. விற்றமின் தந்து, கொறயாட்டி வரச் சொன்னார். உம்மா மறுகா போக விடல்ல."

உம்மா இல்லை என்று சொன்னார். என் பெயரை நாக்கு நுனியில் வைத்துக்கொண்டு, டொக்டரின் முகத்தைப் பார்த்து, இல்லை என்று சொன்னார். எம்.எஸ். தாயிடமிருந்து பிள்ளைக்கு வீடு வாசல் மாதிரி எழுதிக் கொடுக்கிற வருத்தமில்லை. ஆனால் கூடப்பிறந்த ஒருத்திக்கு இருந்தால் மற்றவளுக்கு வரும் வாய்ப்பு மற்றச் சனத்தைவிடக் கொஞ்சம் கூட. ராத்தாவுக்கு இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அந்த மனிதர் அன்றைக்கே ஸ்கேனுக்கு எழுதியிருப்பார்.

உம்மாவை அழைத்துக் கத்தினேன். வாழ்க்கையில் முதல் தடவையாகக் கத்தினேன்.

"நீ அங்கால இரிந்துக்கு லேசாச் சொல்லுவாய்" என்றார் உம்மா. "ஊருக்குள்ள சீவிக்கிறது நாங்க. மாப்பிள்ள பேக்கத் தூக்கிக்கு அவர்ட உம்மாட ஊட்டுக்குப் போனா, ரெண்டு புள்ளயளோட இவளுக்கு ஆர் பொறுப்பு? நீயா வாறாய்?"

"அவள்ட கண்ணு போகுது உம்மா."

"அல்லாஹ் இரிக்கான். நீ வாயத் தொறக்காட்டி காணும், அதுவே போதும்."

5

இதற்குப் பிறகும் நான் இரண்டு நாள் வாயைத் திறக்கவில்லை. அதை எழுதத்தான் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

என் மகள் ஆம்னாவுக்குப் பதினைந்து வயது. தமிழ் விளங்கும், ஆனால் பதில் ஆங்கிலத்தில்தான் வரும். சின்னம்மாவைக் கூப்பிடுகிற சாச்சி என்ற சொல்லைத் தவிர ஊரோடு அவளுக்கு ஒட்டே இல்லை என்று நான் குறைப்பட்டுக்கொள்வது வழக்கம். போன வருஷம் பள்ளிக்கூடக் கூட்டத்தில் எழுந்து நின்று, "என் உம்மாவுக்கு எம்.எஸ். இருக்கிறது" என்று நோயை விளக்கிப் பேசிவிட்டு வந்தாள். நான் அவளை ஏசினேன். நம்முடைய வீட்டு விஷயத்தைச் சந்தியில் வைத்துவிட்டாயே என்று ஒரு கிழமை முகம் கொடுக்கவில்லை.

அவள்தான் இரண்டாம் நாள் குசினிக்கு வந்து கேட்டாள், சாச்சிக்கும் அதுவா என்று. நான் கத்தியதை அறையிலிருந்து கேட்டிருக்கிறாள்.

"ஸ்கேன் எடுக்காமல் சொல்ல ஏலாது. அப்படித்தான் இருக்கும்போல" என்றேன்.

"சாச்சியிடம் சொல்லிவிட்டீர்களா?"

சாச்சியின் மாப்பிள்ளை, அவருடைய உம்மா, ஊர், குமர், வீடு என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள்.

"அப்படியென்றால் சாச்சிக்குக் கண் போனால் கல்யாணம் நிலைக்குமா?" என்றாள். அவள் நக்கலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே அந்தக் கணக்கு அவளுக்கு விளங்கவில்லை. எனக்கும் அந்த நேரத்தில் விளங்காமல் போனது.

தங்கச்சியை அழைத்து எல்லாவற்றையும் சொன்னேன். முழங்கால் கதையையும் சொன்னேன். "உம்மாக்கு இது தெரியுமா?" என்று மட்டும் கேட்டாள். ஓம் என்றேன். போனை வைத்துவிட்டாள்.

பிறகு குடும்பத்துக் குழுவில் ஒரு குரல் பதிவு போட்டேன். மாப்பிள்ளை வீட்டாரும் மாமி மச்சான்மாரும் எல்லோரும் இருக்கிற குழு. தங்கச்சியைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை, அது அவள் சொல்ல வேண்டியது. எனக்கு இன்ன நோய், ஒன்பது வருஷமாக இருக்கிறது, பனியில் விழுந்தது பொய், குனிந்தால் முதுகில் கரண்ட் ஓடும், அது ஜின் இல்லை, மருந்து எடுக்கிறேன், தொழுகிறேன், சமைக்கிறேன், சில நாள் ஏலாமல் படுத்துக் கிடக்கிறேன் என்று சொன்னேன். உம்மா குழுவை விட்டு வெளியேறினார்.

அரை மணித்தியாலம் கழித்துத் தங்கச்சியின் மாப்பிள்ளை என்னை அழைத்தார். ஊரில் இரும்புக்கடை வைத்திருக்கிறார். இத்தனை வருஷமாக நாங்கள் பயந்து நடுங்கிய ஆள் இவர்தான்.

"ராத்தா, டொக்டருக்குச் சொல்ல வேண்டியத ஒரு தாளில எழுதி அனுப்புங்க. நாளைக்குக் கொண்டு காட்டுறன்" என்றார். பிறகு குரல் மாறியது. "நான் உட்டுட்டுப் போயிருவனெண்டு நீங்க எல்லாரும் சேந்து முடிவெடுத்தீங்களே, எனக்கிட்ட ஒரு சொல்லுக் கேட்டீங்களா? சரி. அத மறுகா கதைப்பம்."

6

நரம்பு டொக்டரைப் பார்த்து, ஸ்கேனுக்குத் தவணை கிடைத்து, முடிவு வர எத்தனையோ அலைச்சல். வெள்ளைப் புள்ளிகள் அவளுக்கும் இருந்தன. சில புதியவை, பல பழையவை. ஆஸ்பத்திரியில் வைத்து ஐந்து நாள் ஸ்டீரொய்ட் ஏற்றினார்கள். அது அந்த நேரத்துத் தாக்கலைக் கெதியாகக் குறைப்பதற்கு. பிறகு நோயைப் பிடித்து வைக்கிற மருந்தைத் தொடங்கினார்கள். வலக்கால் பயிற்சியோடு தேறி வருகிறது. இடக்கண் அப்படியேதான் இருக்கிறது. இரண்டு வருஷத்துக்கு முந்தியே தொடங்கியிருந்தால் எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. சொல்ல முடியாது என்பதால் நான் தப்பிவிட்டதாக எடுத்துக்கொள்ளவும் இல்லை.

ஆஸ்பத்திரியில் இருந்து வந்த அன்றைக்கு அவள் என்னை அழைத்தாள். நன்றி சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன்.

"ராத்தா, அந்த ஓதிப்பாக்கிறவருக்கிட்டப் போன நாள்ல இரிந்து நான் என்ன செஞ்சன் தெரியுமா? எனக்குள்ள ஜின் இரிக்கெண்டு பயந்து என்ட சின்ன மகளப் பக்கத்துல படுக்க உடல்ல. அவளுக்கு நாலு வயசு. அழ அழத் தள்ளி வேற பாயில போட்டன். அவளப் புடிச்சிருமெண்டு. ஒங்களுக்குத் தெரியும். ஒரு சொல்லுச் சொல்லி இரிந்தா என்ட புள்ள என்னோட படுத்திருக்கும்."

மன்னிப்புக் கேட்டேன். அவள் மன்னிக்கவில்லை. அதற்குப் பிறகு இரண்டரை மாதம் என்னோடு கதைக்கவில்லை. உம்மாவோடு ஒரே வீட்டில் இருந்துகொண்டு, சோறு தின்னச் சொல்வதைத் தவிர அவரோடும் கதைக்கவில்லை. அவளுடைய கோபத்தில் ஒரு பிழையும் எனக்குத் தெரியவில்லை. உம்மா மட்டும் இன்னும் சொல்கிறார், எல்லாம் அவளுடைய நன்மைக்குத்தானே செய்தோம் என்று. எங்கள் ஊரில் எத்தனை வீட்டில் இந்த நன்மையைச் செய்துகொண்டிருக்கிறார்களோ தெரியாது.

கண் மங்கி வந்த பெண்ணுக்குக் கண்ணாடி வாங்கிக் கொடுத்துவிட்டு இருக்கிறவர்களுக்காகவும், கால் மரத்தவளை வேது பிடிக்க இருத்துகிறவர்களுக்காகவும், டொக்டர் குடும்பத்தில் யாருக்கும் இருக்கிறதா என்று கேட்கும்போது சீலைத் தலைப்பை இழுத்துவிட்டு இல்லை என்று சொல்கிற உம்மாமாருக்காகவும் இதை எழுத நினைத்தேன். எழுதினால் மற்றவர்களின் பெயரைப் போடத் தேவையில்லை. ஆனால் தங்கச்சியைக் கேட்காமல் ஒரு வரியும் எழுத எனக்கு மனம் வரவில்லை. பெயரை மாற்றி, ஊரையும் மாற்றி எழுதட்டுமா என்று குறுஞ்செய்தி அனுப்பினேன். பதில் வராது என்றுதான் நினைத்திருந்தேன்.

மறுநாள் காலையில் குரல் பதிவு வந்தது. பின்னால் சின்ன மகள் ஏதோ பாடிக்கொண்டிருந்தாள்.

"என்னத்துக்கு மாத்திற? ஊரையும் போடுங்க, பேரையும் போடுங்க. என்ட மகளுக்கு நாளைக்கு மாப்பிள்ள பேச வாறவங்களும் வாசிச்சிக்கு வரட்டும். ஒருக்கா மறைச்சது காணும் ராத்தா."

ஊர் மருதமுனை. என் தங்கச்சியின் பெயர் பர்சானா.